ஏழையின் கண்ணில் கற்ற கை



வைகறைத் திருப்பலிக்கு நாள் தவறாமல் வரும் பெரியவர் ஒருவர் நமது பங்கில் உண்டு. குரோம்பேட்டையில் தோல் பதனிடும் தொழிலில் நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்ந்தவர். குரல் கணீரென்றிருக்கும், ஆகவே வாரத்தில் இரு நாள்கள் முதல் வாசகம் அவருடையது. ஒரு தவக்காலக் காலையில், ஓர் எழுத்தும் பிசகாமல் வாசகத்தை வாசித்து முடித்துவிட்டு, பீடத்திலிருந்து இறங்கியவர், அங்கே படி இருப்பதையே அறியாதவர்போல் காலை வெறுங்காற்றில் வைத்து விழுந்தார். அடி பெரிதில்லை. ஆனால் பொடி எழுத்தைப் படித்த கண்ணுக்கு அகலமான படி தெரியவில்லையே என்ற வியப்பு மட்டும் நம் உள்ளத்தில் தங்கிவிட்டது.

"ஐயா, கண்புரையாக இருக்கலாம். எழும்பூர்க் கண் மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள்" என்றோம்.

பெரியவர் சிரித்தார். "எழுத்துத்தான் நன்றாகத் தெரிகிறதே சாமி! அதோடு அங்கே படிக்கிற பிள்ளைகள் ஏழைகள் கண்ணில்தான் கத்தி பிடித்துப் பழகுவார்களாம். நான் ஏன் போய் மாட்டிக்கொள்ள வேண்டும்?" என்றார். நாமும் சிரித்துவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போனோம். அந்தச் சிரிப்புக்காக இன்றளவும் வருந்துகிறோம்.

பதினான்கு திங்கள்கள் கழிந்தன. தாம்பரம் பெருஞ்சாலையைக் கடக்கையில் பக்கவாட்டில் வந்த இருசக்கர வண்டியைக் காணாமல் அதன்மேல் மோதிக்கொண்டார் பெரியவர். கையில் கட்டுடன் அவரை அவருடைய மகள் நம்மிடம் அழைத்து வந்தார். "நீங்கள் சொன்னால் கேட்பார் சாமி" என்றார் அந்த அம்மாள். அடுத்த நாட் காலையிலேயே மூவரும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினோம். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று நிலையங்கள் கடந்துகொண்டிருந்தன. பெரியவர் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தார், பேசவில்லை.

எழும்பூரில் சீட்டு வாங்கி வரிசையில் அமர்ந்தோம். முதலில் சுவரிலுள்ள எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். பெரியவர் நன்றாகவே படித்து, நம்மைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கன்னத்தைத் தாங்கியில் வைக்கச் செய்து, ஸ்லிட் லாம்ப் எனும் கருவியின் மெல்லிய ஒளிக்கீற்றைக் கண்ணுள் செலுத்திப் பார்த்தார்கள். கண்ணின் அழுத்தத்தை அளந்தார்கள். சொட்டு மருந்திட்டுப் பாவை விரிந்ததும் உள்ளே பின்புறத்திலுள்ள பார்வை நரம்பைப் பார்த்தார்கள். இறுதியாக ஒரு கிண்ணம் போன்ற கருவியின் முன் அமர்த்தி, ஆங்காங்கே தோன்றும் ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பெரியவர் நெடுநேரம் அழுத்தாமலே இருந்தார். புள்ளிகள் தோன்றிக்கொண்டுதான் இருந்தன; அவருக்குத் தெரியவில்லை.

அது கண்புரை அன்று. கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய். இடக் கண்ணின் நரம்பு ஏறக்குறைய முற்றும் பழுதுபட்டிருந்தது. வலக் கண்ணில் நடுப் பார்வை மட்டும் எஞ்சியிருந்தது. குழாயின் வழியே பார்ப்பவனுக்கு எதிரிலுள்ள எழுத்துத் தெரியும்; காலடியிலுள்ள படியும், பக்கத்தில் வரும் வண்டியும் தெரியா. ஒரு தவக்காலக் காலையில் நாம் வியந்த புதிருக்கு விடை இதுவே.

"இதற்குமுன் கண்ணுக்கு ஏதேனும் சொட்டு மருந்து போட்டதுண்டா?" என்று மூத்த மருத்துவர் கேட்டார். பெரியவர் வாய் திறக்கவில்லை. மகள்தான் பையிலிருந்து ஒரு சிறு புட்டியை எடுத்து நீட்டினார். கண் சிவந்து அரிக்கும்போதெல்லாம் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் பல ஆண்டுகளாய்ப் போட்டுவந்தது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. அம்மருந்து சிவப்பையும் அரிப்பையும் விரைவில் தணிக்கும். ஆனால் மேற்பார்வையின்றி நெடுநாள் போட்டால் சிலருக்குக் கண்ணின் அழுத்தத்தை உயர்த்தி நரம்பை அழிக்கும். வலி இராது, சிவப்பும் இராது. கண் நலமாயிருப்பதாகவே எண்ணிக்கொண்டிருக்கையில் பார்வை ஓரங்களிலிருந்து தேய்ந்துவிடும்.

அன்பர்களே, இவ்விரு நோய்களையும் ஒன்றென எண்ணிவிடாதீர்கள். வீட்டு விளக்கின் கண்ணாடி கரி படிந்தால் மாற்றிவிடலாம், வெளிச்சம் திரும்பும். கண்புரை அத்தகையது. கண்ணுக்குள்ளிருக்கும் வில்லை மங்குகிறது. அதை அகற்றிச் செயற்கை வில்லை வைத்தால், கண்ணின் ஏனைய பகுதிகள் நலமாயிருக்கும்வரை, பார்வை மீளும். ஆனால் விளக்குக்குச் செல்லும் மின்கம்பியே அறுந்துபோனால் எத்தனை கண்ணாடி மாற்றினாலும் பயனில்லை. கண் அழுத்த நோயில் பழுதுபடுவது அந்தக் கம்பி. போன பார்வையை எந்த மருத்துவராலும் திருப்பித் தர இயலாது. எஞ்சியதைக் காப்பதற்கே சொட்டு மருந்தும், லேசரும், அறுவையும். பதினான்கு திங்கள்களுக்கு முன்னர் வந்திருந்தால் எஞ்சியிருக்கக்கூடியது எவ்வளவு? இக்கேள்வியை நாம் மருத்துவரிடம் கேட்கவில்லை. விடையைக் கேட்கத் துணிவில்லை.

அங்கே பட்ட மேற்படிப்புப் பயிலும் இளம் மருத்துவர் ஒருவர், "ஃபாதர்!" என்று அழைத்துக்கொண்டே வந்தார். முன்னர் நாம் உதவிப் பங்குத்தந்தையாயிருந்த ஊரில் நம் கையால் முதல் நற்கருணை பெற்ற சிறுமி! பெரியவரை அமரவைத்து, எந்த மருந்து எந்த வேளைக்கு என்பதை மகளுக்கு மும்முறை எடுத்துரைத்தார். பின்னர் நாம் தனியே, "அம்மா, ஒன்று கேட்கலாமா? நீங்கள் ஏழைகளின் கண்ணில் பழகுகிறீர்கள் என்று அஞ்சித்தான் இவர் இவ்வளவு நாள் வரவில்லை. அது உண்மையா?" என்று கேட்டோம்.

அவர் சற்றுச் சிந்தித்தார். "உண்மைதான் ஃபாதர். ஆனால் எப்படிப் பழகுகிறோம் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை" என்றார். அவர் சொன்னதைக் குடும்பங்கள் யாவும் அறிதல் நன்று.

பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவர் மருத்துவப் பட்டம் பெற ஐந்தரை ஆண்டுகள் ஆகின்றன. நாலரை ஆண்டு படிப்பு. ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் எனும் பயிற்சிப் பணி. அப்பொழுதும் அவர் பொது மருத்துவரே. கண் மருத்துவர் அல்லர். மீண்டும் ஒரு நுழைவுத் தேர்வெழுதி இடம் பெற்றால், கண் மருத்துவத்தில் எம்.எஸ். பட்டத்திற்கு மூன்றாண்டுகள். அதற்குப் பின்னும், விழித்திரை, கருவிழி, குழந்தைகளின் கண், கண் அழுத்தம் என்று ஒரு பிரிவில் மட்டும் தேர்ச்சி பெற விரும்புவோர் மேலும் ஓரிரண்டு ஆண்டுகள் பயில்கின்றனர். பதினெட்டு வயதில் புகுந்தவர் தாமே நின்று பணியாற்றும்போது முப்பதை நெருங்கிவிடுவார். (கண்ணாடிக்குப் பவர் பார்க்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் எனும் பணிக்கு நான்காண்டுப் பட்டப் படிப்புத் தனியே உண்டு. அதுவும் நல்ல தொழில். மருத்துவ இடம் கிடைக்காத பிள்ளைகள் மனமுடைய வேண்டுவதில்லை.)

அம்மூன்றாண்டில் கத்தி உடனே கைக்கு வருவதில்லை. முதலில் பார்க்கக் கற்கிறார்கள். நாள்தோறும் எண்ணற்ற கண்களை ஸ்லிட் லாம்பில் பார்த்து, நலமான கண் எப்படியிருக்கும் என்பதை மனத்தில் பதிக்கிறார்கள். நலத்தை அறியாதவன் நோயை அறியான் அன்றோ? விழித்திரையைப் பார்க்கும் கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டு, கையில் ஒரு வில்லையைப் பிடித்துப் பார்க்கிறார்கள். அதில் யாவும் தலைகீழாகவும் இடவலம் மாறியும் தோன்றும். கண்டதைத் தாளில் வண்ணப் பென்சிலால் வரைய வேண்டும்: தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம், கழன்றுபோன விழித்திரைக்கும் நீலம். "முதல் சில வாரம் ஒன்றுமே தெரியாது ஃபாதர். தெரிகிறது என்று பொய் சொன்னால் சீனியர் உடனே கண்டுபிடித்துவிடுவார். தெரியவில்லை என்று சொல்லக் கற்பதுதான் எங்கள் முதற் பாடம்" என்றார் அவர்.

அறுவை முதலில் ஆட்டுக் கண்ணில். இறைச்சிக் கடையிலிருந்து வந்த கண்ணை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, தலைமயிரைவிட மெல்லிய நூலால் தைத்துப் பழகுகிறார்கள். மனிதக் கண் முன்பின்னாக 24 மில்லிமீட்டர் நீளமே உடையது. அதன் முன்புறக் கருவிழியின் நடுவே கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அங்கே கை சிறிது நடுங்கினாலும் கேடு. பின்னர், மூத்தவர் செய்யும் அறுவைக்கு உதவியாளராய்ப் பல நாள் அமர்கிறார்கள். அதன்பின் ஒரு கண்ணில் ஒரு படியை மட்டும் செய்ய விடுவார்கள். ஏனையவற்றை மூத்தவர் முடிப்பார். ஒவ்வொரு படியிலும் கை உறுதிப்பட்ட பின்னரே முழு அறுவையும் ஒப்படைக்கப்படும். அப்பொழுதும் அதே கண்ணை அதே நொடியில் நுண்ணோக்கியின் மற்றொரு குழாய் வழியே மூத்தவர் பார்த்துக்கொண்டிருப்பார். தடுமாற்றம் தோன்றினால் கருவி கை மாறிவிடும்.

அறுவை அரங்கு தவிர, இரவுப் பணியும் உண்டு. தீபாவளி இரவில் பட்டாசுக் காயங்கள். வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தை நசுக்கிக் கண்ணில் தெறிக்கவிட்ட குழந்தைகள். "சுண்ணாம்பு பட்டால் அந்த நிமிடமே நல்ல தண்ணீரில் நெடுநேரம் கழுவி, பிறகு ஓடி வரச் சொல்லுங்கள் ஃபாதர். கழுவாமல் ஓடி வருகிறார்கள், அதற்குள் கண் வெந்துவிடுகிறது" என்று நம்மிடம் வேண்டிக்கொண்டார். அவருடைய வேண்டுகோளை இதோ உங்களிடம் சேர்த்துவிட்டோம்.

மாலை ரயிலில் திரும்புகையில், நாம் விட்டுவந்த அம்மருத்துவமனையின் வரலாறு நம் நினைவில் ஓடியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில், 1819ஆம் ஆண்டில், இராயப்பேட்டையில் தொடங்கப் பெற்றது அது. 1884இல் எழும்பூருக்கு வந்தது. இலண்டன் மாநகரில் 1805இல் தோன்றிய மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனைக்கு அடுத்து, உலகிலேயே பழமையானதென்று அதைச் சொல்வர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தலைவராயிருந்த ராபர்ட் ஹென்றி எலியட், நம் பெரியவருக்கு வந்த அதே நோய்க்கு ஓர் அறுவையை வகுத்தார். கருவிழியின் ஓரத்தில் சிறு வட்டத் துளையிட்டு உள்நீரை வடியச் செய்யும் அம்முறை அவர் பெயராலேயே பல நாடுகளுக்கும் பரவியது. பின்னாளில் வேறு முறைகள் அதன் இடத்தைப் பெற்றன. அம்மருத்துவமனையிலேயே 1945இல் இந்தியாவின் முதற் கண் வங்கி தோன்றியது. எலியட் எவருடைய கண்களில் அத்துளையை இட்டுத் தேர்ந்தார்? சென்னைக்கும் சுற்றூர்களுக்கும் உரிய ஏழைகளின் கண்களில். அவர்களின் பெயரை எந்தப் பலகையிலும் காணோம்.

எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த மருத்துவர் கோ. வெங்கடசாமியை உங்களுள் பலர் அறிவீர்கள். மகப்பேறு மருத்துவராக விரும்பியவர் அவர். கொடிய முடக்குவாதம் தாக்கி விரல்கள் கோணிப்போகவே, அவ்வழி அடைபட்டது. கண் மருத்துவத்துக்குத் திரும்பி, 1951இல் அதில் பட்டயம் பெற்றார். கோணிய விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, தம் வாழ்நாளில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அரசுப் பணியில் ஓய்வு பெற்றதும், 1976இல், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் செலுத்துவோரிடம் பெற்றதைக் கொண்டு பணமில்லாதோர்க்கு இலவசமாய்ச் செய்வதே அங்குள்ள ஏற்பாடு. வெளிநாட்டிலிருந்து பெருவிலைக்கு வந்துகொண்டிருந்த செயற்கை வில்லையைக் குறைந்த விலையில் இங்கேயே செய்வதற்கு 1992இல் அரோலேப் எனும் ஆலையும் எழுந்தது. 2006இல் அவர் மறைந்தார்.

நம் தென்சென்னைப் பகுதியோடு தொடர்புடைய மற்றொருவர் மருத்துவர் எஸ்.எஸ். பத்ரிநாத். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவில் விழித்திரை மருத்துவத்தின் பேராசானாகிய சார்லஸ் ஸ்கெபன்ஸ் என்பாரிடம் பயிற்சி பெற்றார். மேலே சொன்ன தலையில் மாட்டும் கருவியை இன்றைய வடிவுக்குக் கொணர்ந்தவர் அந்த ஸ்கெபன்ஸ். 1970இல் தாயகம் திரும்பிய பத்ரிநாத், அடையாற்றிலுள்ள தன்னார்வ சுகாதார சேவை மருத்துவமனையில் சில ஆண்டுகள் பணியாற்றி, 1978இல் சங்கர நேத்ராலயாவை நிறுவினார். 2023 நவம்பரில் அவர் மறையும்வரை அது கண் சிகிச்சையில் மட்டுமன்றிக் கண் மருத்துவரை உருவாக்குவதிலும் பெயர் பெற்று வளர்ந்தது. இன்றும் அப்பணி தொடர்கிறது.

இவர்கள் யாவருமே பெற்றதைத் திருப்பிக் கொடுத்தவர்கள். நாம் இங்கே சொல்ல விரும்புவது இதைத்தான். எந்தக் கண் மருத்துவரும் கைத்திறனோடு பிறப்பதில்லை. குளிரூட்டிய அறையில், காலையில் சென்று மாலையில் வீடு திரும்பும் வகையில், தையலே இல்லாமல் கண்புரை நீக்கிக்கொள்ளும் செல்வர்க்கும் பணி செய்வது, முன்னொரு நாள் இலவசப் பிரிவில் ஓர் ஏழைத் தாயின் கண்ணில் அஞ்சி அஞ்சிக் கற்ற கையே. அத்தாய் தம் கண்ணை நம்பி ஒப்படைத்திராவிட்டால் இக்கை ஆட்டுக் கண்ணோடு நின்றிருக்கும். ஆகவே ஏழை மருத்துவரிடம் தருமம் பெறுகிறான் என்பது பாதி உண்மை. மருத்துவர் ஏழையிடம் கடன்பட்டிருக்கிறார் என்பது மறுபாதி.

"என் மகனை எப்படியாவது டாக்டராக்க வேண்டும், ஜெபியுங்கள் சாமி" என்று நம்மிடம் வரும் பெற்றோர் பலர். ஜெபிக்கிறோம். ஆனால் அம்மகனுக்கு இக்கடனையும் சொல்லி வளருங்கள். பெரியவரின் அச்சத்திலும் ஒரு நியாயம் இருந்தது. தன் கண்ணில் யார் கை வைக்கிறார், மேற்பார்வை யார் என்பதைக் கேட்கவும், எளிய தமிழில் விடை பெறவும், ஒப்புதல் தரவும் தராதிருக்கவும் ஏழைக்கு உரிமை உண்டு. அதை அவன் கேட்குமுன்னரே சொல்வது கடன்பட்டவரின் முறைமை.

நம் குடும்பங்களுக்கும் சில கடமைகள் உண்டு. நாற்பது வயதைக் கடந்தோர், குறை ஒன்றும் தெரியாவிடினும், கண்ணின் அழுத்தத்தையும் நரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ கண் அழுத்த நோய் இருந்தால் கட்டாயம் பாருங்கள். நீரிழிவுள்ளோர் ஆண்டுக்கொரு முறை விழித்திரையைக் காட்டுங்கள். குழந்தையின் கண் மாறுகண்ணாய்த் தோன்றினால் 'அதிர்ஷ்டம்' என்று மகிழ்ந்திராதீர்கள். சிறு வயதிலேயே திருத்தாத கண் சோம்பிப்போய்ப் பின்னர் திருந்துவது அரிது. மருந்துக் கடையில் கண் மருந்து நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். ஒருவர் மறைந்தபின் ஆறு மணி நேரத்துக்குள் சொல்லியனுப்பினால் அவர் கருவிழி மற்றொருவருக்குப் பயன்படலாம். கண்ணாடி அணிந்தவரும், நீரிழிவுள்ளவரும், புரை நீக்கியவரும் பெரும்பாலும் தரலாம். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1956இலேயே கருவிழிக் கொடையாளரை வரவேற்றுப் பேசியுள்ளார். திருச்சபைக்கு இதில் தடையில்லை.

பெத்சாயிதாவில் பார்வையற்ற ஒருவரை ஆண்டவர் தொட்டு, என்ன தெரிகிறது என்று வினவியதை மாற்கு எழுதுகிறார். எல்லாம் தெளிவாய்த் தெரிகிறதென்று அம்மனிதர் முகமனுக்குச் சொல்லவில்லை. மனிதர்கள் மரங்களைப்போல் தோன்றுகிறார்கள் என்று உள்ளதை உரைத்தார். ஆண்டவர் மீண்டும் தொட்டார், பார்வை தெளிந்தது. 'தெரியவில்லை' என்று சொல்லக் கற்பதே முதற் பாடம் என்று நம் இளம் மருத்துவர் சொன்னது, நோயாளிக்கும் பொருந்தும். நோயாளியின் பேச்சைச் சிரித்துத் தள்ளிய பங்குத்தந்தைக்கும் பொருந்தும்.

பெரியவர் இன்றும் வைகறைத் திருப்பலிக்கு வருகிறார். பேத்தி கை பிடித்து அழைத்து வருகிறாள். காலையும் இரவும் தவறாமல் மருந்து. எழும்பூரில் சொன்ன நாளில் சோதனை. ஓராண்டாய் வலக் கண் மேலும் குறையவில்லை. பீடப் படியின் விளிம்பில் வெள்ளைப் பட்டை தீட்டி வைத்திருக்கிறோம். சென்ற வாரம் வாசகம் முடித்து இறங்கும்போது அப்பட்டையைக் குனிந்து பார்த்து, காலை நிதானமாய் வைத்தார். பிறகு நம்மிடம் வந்து, "சாமி, அந்தப் பெண் பிள்ளையிடம் சொல்லுங்கள். அடுத்த முறை என் கண்ணைப் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் பார்க்கட்டும். இந்த நோய் எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ளட்டும்" என்றார்.

சொல்லிவிட்டோம்.